ஏழாம் வார்டு வாஷ்பேசின்

மோசுல் நகரத்தில் பாமியாக் குழம்பைத் தொடாத ஒரே ஆள் வஜீஹாவாகத்தான் இருப்பாள். வெண்டைக்காயும் ஆட்டிறைச்சியும் வேகும் வாசனை வந்தாலே எழுந்துவிடுவாள். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷம். தட்டில் வளர்ந்த கிருமியைக் கம்பி நுனியால் தூக்கினால் சளி மாதிரி நூல் இழுபடும். அதைப் பார்த்துவிட்டு வந்து வெண்டைக்காய் தின்ன யாருக்கு மனசு வரும்? கதவைக்கூட முழங்கையால்தான் தள்ளுவாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் தம்பி சுஹைர்.

அந்தச் சுஹைர்தான் சாரத்திலிருந்து விழுந்து, கால் எலும்பு வெளியே தெரிய, ஏழாம் வார்டில் வந்து படுத்தான். புண்ணில் சீழ் கட்டியது. வஜீஹாவே சோதித்தாள். மற்ற எல்லா மருந்துக்கும் டிமிக்கி கொடுத்த கிருமி ஒரே ஒரு மருந்துக்குச் செத்தது. பன்னிரண்டாம் நாள் எடுத்த சீழில் அதற்கும் சாகவில்லை. சீழ் இன்னும் மேலே ஏறினால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று வார்டு முழுக்கப் பஞ்சால் துடைத்து எடுத்துப் பார்த்தாள். வாஷ்பேசின் ஓட்டையில் வேறொரு கிருமி கிடைத்தது. சாக்கடையில் கிடக்கும் சாது. ஆனால் அதுவும் அந்த மருந்துக்குச் சாகவில்லை. சுஹைரின் முதல் நாள் கிருமியை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். இரண்டையும் ஒரே குழாயில் கலந்து வைத்தாள். மறுநாள் சுஹைருடையதும் அந்த மருந்தைச் சட்டை செய்யவில்லை. பிளாஸ்மிட்டின் வேலை. கிருமிக்குள் தனியாகக் கிடக்கும் சின்ன வளையம். மருந்தை முறிக்கும் வித்தை அதில் இருக்கும். ஒட்டிக் கிடக்கிற கிருமி வேறு இனமானாலும் அதற்கும் ஒரு நகல் கொடுத்துவிடும். அந்தக் கொடுக்கல் கைகழுவும் இடத்திலேயே நடக்கிறது!

வஜீஹா வார்டுக்குப் போய்த் தலைமை நர்ஸ் உம்மு கத்தானைப் பிடிபிடியென்று பிடித்தாள். மிச்ச மருந்தையெல்லாம் அதில்தானே கொட்டுகிறார்கள்? டீ மண்டியையும் அதில்தானே? மருந்து கிருமியைப் பழக்கும், டீயின் சர்க்கரை அதற்குத் தீனி.

"எங்க நர்ஸுப் பிள்ளைங்க மருந்து கொட்டுறது நிஜந்தான், மறைக்கல. டீக்கு நாங்க சமையலறைக்குத்தான் போவோம், வஜீஹா. சர்க்கரைய இங்க ஊத்துறது யாருன்னு குழாயையே கேளு," என்றாள் உம்மு கத்தான்.

வரவழைத்த குழாய்க்காரர் வாஷ்பேசினின் அடி வளைவைக் கழற்றினார். கறுத்த கொழகொழப்பு வாளியில் பொத்தென்று விழுந்தது. தேயிலை, முடி, நூல் நூலாக இழுபடும் சளி. நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. நடுவே ஒரு சின்னக் கரண்டி, பிடியில் நீலப் பூ.

வார்டுக் கிளாசில் தம்பி வாய் வைப்பதா என்று அருவருத்து, வீட்டிலிருந்து டீக் கிளாசும் கரண்டியும் கொண்டுவந்தவள் வஜீஹா. ஒரு நாளைக்கு மூன்று தடவை, அடியில் தேங்கிய சர்க்கரையோடு அந்த வாஷ்பேசினிலேயே அலம்பினாள். கரண்டி காணாமல் போனபோது நர்ஸுப் பிள்ளைகளைத் திருடிகள் என்று ஏசியவளும் அவளே.

சுஹைர் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தான். "அக்கா, அது நம்ம கரண்டி இல்ல?"

வஜீஹா வெறுங்கையை வாளிக்குள் விட்டு அதை எடுத்தாள்.

"ஆமாடா," என்றாள். "நம்மளுதுதான்."

சனிக்கிழமை அவன் கால் போனது.