அவள் பெயருக்கு வந்த மெயில்கள்

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்தவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பில் இறந்துபோனாள். அடுகோடிப் பகுதியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் பல வருடங்களாக அருகருகே உட்கார்ந்து வாடிக்கையாளர் ஒப்பந்தங்களைச் சரிபார்த்து வந்தோம். காரியம் முடிந்த பிறகு மேலாளர் என்னை அழைத்தார்.

"அவங்க மெயில் பாக்ஸை உங்களுக்கு ஓப்பன் பண்ணி விட்டிருக்கோம். கொஞ்ச நாள் பார்த்துக்குங்க."

மறுநாள் காலை திறந்தேன். அவள் பெயர் சொல்லி வணக்கம் வைக்கும் மெயில்கள் வரிசையாக நின்றன. 'உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்' என்றது ஒன்று. என்னுடையதையும் அவளுடையதையும் படித்து முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ஒரு ஒப்பந்தத்தைக்கூடத் தொடவில்லை.

தினமும் இதே கதை. போகப் போகத்தான் கவனித்தேன், வருவதில் பெரும்பாலானவை அவளுக்கு உரியவையே அல்ல. யாரோ யாருக்கோ எழுதியதில் அவளுக்கும் ஒரு சிசி நகல். 'நன்றி' என்ற ஒற்றைச் சொல்லை ஒரு கூட்டமே எல்லோருக்கும் அனுப்பியிருந்தது. "நீ போய் சாப்பிடு, இதை முடிச்சுட்டு வந்துடறேன்" என்பாளே, அது இதைத்தானா?

அவளுடைய பொருட்களை எடுத்துப்போக அவள் கணவர் ஜீவனஹள்ளியிலிருந்து வந்தார். பள்ளி வேன் ஓட்டுபவர். ஷாலையும் டிபன் பாக்ஸையும் பைக்குள் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? வூட்லயும் சாப்டுக்கினே லேப்டாப்பைப் பாத்துக்கினு இருப்பா. கேட்டா மெயிலுன்னுவா. அப்படி என்னா மேடம் வரும் அதுல?"

"ஆபீஸ் விஷயம்தாங்க" என்றேன்.

"முக்கியமாத்தான் இருக்கும். இல்லாட்டி அவ பாத்திருக்க மாட்டா."

அவர் போன பிறகு வெகுநேரம் அந்தக் காலி நாற்காலியின் பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை.

அன்றே தொடங்கினேன். அவள் பெயரை எடுத்துவிடச் சொல்லி, மெயில் அனுப்பியவர்களை ஒவ்வொருவராக நேரில் போய்ப் பார்த்தேன். மாடியில் கொள்முதல் பிரிவில் ஒருவர். வாராந்திர அறிக்கை அனுப்புபவர்.

"ஏன், வேணாம்னு சொன்னாங்களா?"

"அவங்க இறந்துட்டாங்க சார்."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போன வாரம்கூட படிச்சாங்களே! படிச்சதா எனக்கு ரசீது வந்துச்சே."

திறந்தது நான். ஆனால் அவருக்குப் போனது அவள் பெயரில். இத்தனை நாளும் அந்த அலுவலகத்தில் அவள் என் விரல்களால் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பதில் வரவில்லையே என்று ஒருவர்கூடத் தேடவில்லை.

என் மெயிலுக்கும் வழி செய்தேன். அறிவிப்புச் சத்தத்தை நிறுத்தினேன். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை மட்டும் பார்ப்பேன், அவசரமென்றால் போன் செய்யுங்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். போன் செய்தவர்கள் மிகச் சிலரே. காலைப் பொழுதுகள் மறுபடி ஒப்பந்தங்களுக்குக் கிடைத்தன. ஆனாலும் சத்தமில்லாத கணினியில் அடிக்கடி அந்த 'டிங்' கேட்டது. நிமிர்ந்து பார்ப்பேன். ஒன்றும் வந்திருக்காது.

அவள் பெட்டி மெல்ல மெல்ல வற்றியது. ஒரு மத்தியானம் திறந்தபோது புதிதாக எதுவுமே இல்லை. நான் விரும்பியது அதுதான். ஆனால் அவளை ஒவ்வொரு இடமாகப் போய்த் துடைத்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

கணினிப் பிரிவிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்கள்: "மேடம், அந்த ஐடியை க்ளோஸ் பண்ணிடலாமா?"

"பண்ணிடுங்க" என்றேன்.

இப்போதும் யாருக்காவது மெயில் எழுத முகவரியின் முதல் எழுத்தைத் தட்டினால் சில நேரம் அவள் பெயர் முதலில் வந்து நிற்கிறது. அப்போதெல்லாம் கையை எடுத்துவிட்டு எழுந்து, சொல்ல வேண்டியதை அந்த ஆளிடம் நேரிலேயே போய்ச் சொல்லிவிடுகிறேன்.