புகை ஷெட்டின் பூஜ்யம்

1991-இல் கார்களுக்குப் புகை அளவு என்று ஒரு சட்டம் வந்தது. சைலன்சர் புகையில் கார்பன் மோனாக்சைடு சொன்ன அளவுக்கு மேல் இருந்தால் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த கம்பெனி அதற்காக ஒரு தகர ஷெட் போட்டு, ஒரு மீட்டரை வாங்கி வைத்து, மீட்டரோடு என்னையும் உள்ளே வைத்தது.

வேலை சுலபம். என்னோடு இருந்த அண்ணன், தண்டலத்துக்காரர், ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிடுவார். நான் மீட்டரின் குழாயைச் சைலன்சருக்குள் செருகி, ஊசியைப் பார்த்துக்கொண்டே கார்புரேட்டர் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவேன். ஊசி இறங்கியதும் அந்த வண்டியின் அட்டையில் என் கையெழுத்து. நாட்டின் காற்றைச் சுத்தம் செய்கிற உத்தியோகம் என்று சுங்குவார்சத்திரம் டீக்கடையில் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஐப்பசி மழை பிடித்ததும், சாரல் சீட்டில் படுகிறது என்று சூப்பர்வைசர் ஷட்டரை இறக்கச் சொன்னார். புகையை வெளியே தள்ளும் ஃபேன் வரும் வரும் என்றார்கள். அதற்காக இடித்த ஓட்டையில் பலகை அடித்திருந்தது. பத்து மணிக்கெல்லாம் தலை கனக்கும். சோற்று டப்பாவைத் திறந்தால் குமட்டும். எனக்காவது அட்டைகளைக் கொடுக்க ஆபீசுக்குப் போகிற சாக்கு இருந்தது. அண்ணனுக்கு அதுவும் இல்லை. ஒரு வண்டியிலிருந்து இறங்கி அடுத்த வண்டியில் ஏறுவார்.

அவருடைய சோர்வையும் குமட்டலையும் பார்த்து மஞ்சள் காமாலை என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். "டெய்லி கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சிக்கினுதான்பா வரேன். ஒண்ணும் கேக்கல," என்பார்.

ஷட்டரைத் திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஆனால் நான் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கும் கடிதத்துக்கு சூப்பர்வைசர்தான் சிபாரிசு எழுத வேண்டும். அதற்குள் படப்பையில் எனக்குப் பெண் பார்த்து, மாப்பிள்ளை கம்பெனியில் பர்மனென்ட் என்று பெரியப்பா அளந்துவிட்டு வந்திருந்தார். தையில் கல்யாணம். கடிதம் வராவிட்டால் குடும்ப மானம் கப்பலேறும். அதனால் வாயை மூடிக்கொண்டு, மூக்கை மட்டும் திறந்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் மழை விட்டிருந்தது. யார்டில் டயர் இறங்கிப்போய் நின்ற வண்டி ஒன்றை மறுபடி பார்க்கச் சொன்னார்கள். நீளமாக ஒயர் இழுத்து மீட்டரை வெளியே தூக்கிக்கொண்டு போனேன். குழாயை இன்னும் எதிலும் செருகவில்லை. ஊசி பூஜ்யத்துக்குக் கீழே போய் நின்றது.

மீட்டர் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே கொண்டுபோனேன், பூஜ்யத்துக்கு வந்தது. வெளியே கொண்டுவந்தேன், கீழே போனது. அப்போதுதான் உறைத்தது. தினமும் காலையில் சுத்தமான காற்றில் மீட்டரைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். மீட்டர் சூடாகக் கால் மணி, எஞ்சின் சூடாகக் கால் மணி என்று இரண்டு தடவை காத்திருப்பானேன் என்று நாங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருவோம். வந்து, மூடிய ஷெட்டில் கால் மணி நேரம் புகைந்த காற்றில் பூஜ்யம் வைப்போம். சைலன்சர் புகையையும் மீட்டர் அந்த அளவுக்குக் குறைத்தே காட்டும். அண்ணன் நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்த விஷம் எங்கள் கணக்கில் ஒன்றுமே இல்லை.

சூப்பர்வைசரைக் கூட்டிவந்து காட்டினேன். கெட்ட மனிதர் இல்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொண்டார்.

"எத்தினி வண்டி போயிருக்கும்?"

"ஷட்டர் மூடினதுலேர்ந்து எல்லாமே சார்."

"அட்டைல யாரு கையெழுத்து?"

"நான்தான் சார்."

குழாயைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "உன் லெட்டர் டைப் ஆயிக்கினு கீதுப்பா. இத்த இனிமே வெளிய தூக்கிக்கினு வராத. உள்ளயே செட் பண்ணு."

அவரைத் திட்டி இந்த இடத்தைக் கடந்துவிடலாம். ஆனால் மீட்டரை உள்ளே தூக்கிக்கொண்டு போனவன் நான். பூஜ்யக் குமிழைத் தொட்டதும் என் விரல்தான்.

அண்ணன் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்திருந்தார். நிமிர்ந்து, "இன்னாப்பா, மீட்டர்ல எதுனா கோளாறா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லண்ணா. நல்லா கீது."

"அப்ப ஸ்டார்ட் பண்ணட்டா?"

"பண்ணுங்கண்ணா."

அந்த வாரமே கடிதம் வந்தது. எனக்கு முதலில் கைகொடுத்தவர் அண்ணன்தான். ஒரு வண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு, கதவைப் பிடித்து மெதுவாக இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கல்யாணத்துக்குள் காமாலை இறங்கிவிடும், கட்டாயம் வந்துவிடுகிறேன் என்றார். நான் தலையாட்டினேன். பிறகு அவர் திரும்பிப் போய் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.