யோகனின் முறை

நோர்வேயில் விளையாடுவதற்கும் காத்திருக்க வேண்டும். வேலை முடிந்து நான்கரை மணிக்கு வீடு வந்து, தேத்தண்ணி போட்டு, சோபாவில் அமர்ந்து வீடியோ கேம் பெட்டியைப் போட்டால், புதிய பதிப்பு இறங்குகிறது, பொறுங்கள் என்கிறது. அது முடிய ஒரு கடை திறக்கும்: தொப்பி வாங்குங்கள், வாள் வாங்குங்கள். நேற்று ஏன் வரவில்லை என்று வேறு கேட்கும். பள்ளிக்கூட வரவு இடாப்பைக் கண்டு ஒளித்தவனுக்கு இந்த வயதில் இப்படியொரு இடாப்பு. ஆனாலும் குறை மட்டும் சொன்னால் நாக்கு அழுகிவிடும். மழை பெய்கிற கடலை இந்த விளையாட்டைச் செய்தவர்கள் வரைந்திருக்கும் அழகில் மயங்கி, சண்டையை மறந்து கரையில் நின்று எதிரியிடம் சூடு வாங்கியிருக்கிறேன். பருத்தித்துறைக் கடலும் மழைக்கு அப்படித்தான் கறுக்கும்.

வேலையிடத்தில் என்னோடு பொதி பிரிக்கும் இங்கார் என்ற நோர்வேக்காரரிடம் ஒருநாள், நாங்கள் சிறுவயதில் சைக்கிள் பெடலைச் சுழற்றித்தான் வீடியோ கேம் விளையாடினோம் என்றேன். அவருடைய கண்கள் விரிந்தன. “பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி, மின்சாரமும் மிச்சம். நீங்கள் எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டீர்கள்” என்றார். மிச்சம் பிடிக்க எங்களிடம் மின்சாரமே இருக்கவில்லை என்பதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? தலையாட்டிவிட்டு அடுத்த பொதியை எடுத்தேன்.

மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி வரி நிரப்பும், கைக்கடக்கமான விளையாட்டு அது. கொழும்பிலிருந்து மாமா கொண்டுவந்தார். விளையாட்டு வந்து சேர்ந்தது, பற்றரி வரவில்லை. யுத்த காலத்தில் குடாநாட்டுக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. பக்கத்து வீட்டு யோகன்தான் வழி கண்டுபிடித்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அதன் டைனமோவில் றேடியோ கேட்பது அப்போது ஊர் வழக்கம். றேடியோ திருத்துகிறவரைக் கெஞ்சி, அதே கம்பியில் விளையாட்டையும் கொளுவுவித்தான். ஒருவர் நிலத்தில் குந்தியிருந்து பெடலைக் கையால் சுழற்ற, மற்றவர் விளையாட வேண்டும். வேகம் குறைந்தால் திரை வெளிறும். நின்றால் எடுத்த புள்ளியெல்லாம் அழிந்து பூச்சியம். சுழற்றுகிறவருக்குத் திரை தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். விளையாட்டு என்னுடையது என்பதால் பெரும்பாலும் சுழற்றியவன் யோகன்.

“வரி நிரம்பீட்டுது என்ன?” என்று கீழிருந்து கேட்பான்.

“ஓம், கதையாமல் சுத்து” என்பேன்.

எங்கள் குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு முதல் கிழமை, அபூர்வமாக அவனுடைய முறை வந்தது. நான் சுழற்றினேன். அவன் புள்ளியை உரத்துச் சொல்லிக்கொண்டே போனான். என்னுடைய மிகக் கூடிய புள்ளியை அவன் தாண்ட இன்னும் இரண்டு வரிதான். என் கை நின்றது. நிறுத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். “சங்கிலி கழண்டிட்டுது” என்றேன். அவன் வெறும் திரையைப் பார்த்துவிட்டுக் கம்பியைச் சுருட்டினான். நோர்வேக்கு வந்தபோது பற்றரி கடைக்குக் கடை கிடந்தது. அந்த விளையாட்டை இங்கே நான் ஒருநாளும் ஆசையாக விளையாடியதில்லை.

இந்த முறை ஊருக்குப் போனபோது விளையாட்டுப் பெட்டியையும் காவிக்கொண்டு போனேன். யோகன் இப்போது பருத்தித்துறையில் படகு எஞ்சின் திருத்துகிறான். பறித்த முறையை அவனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். உண்மையைச் சொல்லாமல் கொடுத்தால் அதுவும் களவுதான் என்று பட்டது. பெட்டி அவன் வீட்டிலும் பொறுங்கள் என்றது. அவனுடைய கைபேசி இணைப்பில் பதிப்பு ஊர்ந்து ஊர்ந்து இறங்கியது. அந்தக் காத்திருப்பில்தான் எனக்கு வாய் திறந்தது.

“அண்டைக்குச் சங்கிலிக்கு ஒண்டும் நடக்கேல்லையடா. நான்தான் நிப்பாட்டினனான்.”

யோகன் சிரித்தான். “எனக்குத் தெரியும். சங்கிலி கழண்டால் கடகடவெண்டு சத்தம் வரும். எத்தினை நாள் சுத்தினவன் நான்.”

“பிறகேன் கேக்கேல்லை?”

“நீ அடுத்த கிழமை போக இருந்தனி. கோவிச்சுக்கொண்டு உன்னை அனுப்ப எனக்கு மனம் வரேல்லை.”

இத்தனை வருடமாக நான் மறைத்து வைத்திருந்ததை, எனக்காக அவனும் மறைத்து வைத்திருந்திருக்கிறான்.

பதிப்பு ஒருவழியாக இறங்கி முடிந்தது. என்னுடைய புதிய விளையாட்டு அவனுக்குப் பிடிக்கவில்லை. “உதுக்கு ஏன் இவ்வளவு பட்டன்? என்ரை எஞ்சின்களுக்கே இல்லை” என்றான். கட்டை விழும் பழைய விளையாட்டைத் தேடி, அதே பெட்டியில் இறக்கிக் கொடுத்தேன். அவன் விளையாடத் தொடங்கினான். பக்கத்தில் இருந்த எனக்குச் சுழற்ற ஒன்றும் இருக்கவில்லை. கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. புறப்படும்போது பெட்டியை, என் பெயரில் உள்ள கணக்கோடு அவனிடமே விட்டுவிட்டு வந்தேன்.

நோர்வேயில் நான் இருக்கும் பேர்கனுக்குத் திரும்பி வேறொரு பெட்டி வாங்கினேன். கணக்கு அதே ஒன்றுதான். அதில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் விளையாடலாம். நான் வேலை முடிந்து அமரும் நான்கரை மணி, பருத்தித்துறையில் யோகன் சாப்பிட்டு எழும்பும் இரவு எட்டு மணி. போன செவ்வாய்க்கிழமை, ஓர் ஆட்டத்தில் வெல்லப்போகும் தறுவாயில் என் திரை கறுத்தது. நீங்கள் வேறோர் இடத்தில் விளையாடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒரு வரி வந்தது.

புதிய கணக்கொன்று திறக்க ஐந்து நிமிடம் போதும். எனக்கு மனம் வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, பருத்தித்துறையில் நான் விளையாடி முடியும்வரை பேர்கனில் காத்திருந்தேன். பிறகு புள்ளிப் பட்டியலைத் திறந்தேன். கட்டை விளையாட்டில் முதலாவதாக என் பெயர் இருந்தது. அதற்கு நேரே, என் வாழ்நாளில் நான் எடுத்திராத புள்ளி.