கிளிப் படம் போட்ட ஆர்டர்

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரு தகுதியும் கிடையாது. பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே கூசுகிறவள். பெரியவர்கள் எழுதும் இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். உள்ளே வைத்திருந்தால் குடைகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நல்லூரில் ஒரு பவர் டேபிளில் தைக்கிறேன். பவர் டேபிள் என்பது எங்கள் பக்கத்துச் சின்னத் தையல் யூனிட். பெரிய கம்பெனி வெட்டி அனுப்பும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்போம். ஓனர் வீட்டு மாடியில் ஆறு மெஷின்கள். துணி வந்தால் ஓடும், வராவிட்டால் நிற்கும்.

மகள் பதினொன்றாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் தொழிலும் கம்ப்யூட்டரும் சேர்த்து ஒரு பயிற்சி நடத்துகிறார்கள். பிள்ளைகள் சில பேராகச் சேர்ந்து, சும்மா ஒரு கம்பெனி ஆரம்பித்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர், படம், லெட்டர் எல்லாம் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டும். மகள் வாயில் நூலைக் கவ்விய ஒரு கிளி வரைந்து, என் போனில் காட்டினாள்.

"மூக்கு கோணலா இருக்குதே கண்ணு" என்றேன்.

"அதுதாம்மா ஸ்டைலு."

கடைசிப் பாடத்துக்கு, தெரிந்த தொழில்காரர் ஒருவருக்குப் பள்ளிக்கூடத்து வாட்ஸப்பிலிருந்து ஆர்டர் லெட்டர் அனுப்பிப் பதில் வாங்க வேண்டும். 'இது மாணவர் பயிற்சிக் கடிதம்' என்று கீழே கட்டாயம் போடச் சொல்லியிருந்தார் டீச்சர். அந்த வரி லெட்டரின் அழகைக் கெடுக்கிறது என்று மகள் அதைப் பொடி எழுத்தாக்கி, வெளிறின சாம்பல் கலரில் வைத்தாள். யாருக்கு அனுப்பப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. பதில் வந்துவிட்டது, முழு மார்க் என்று சனிக்கிழமை சாயங்காலம் வந்து குதித்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஓனர் போனைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் மெஷின நிறுத்துங்க. நமக்கு நேரா ஒரு பார்ட்டி வந்திருக்குதுங்க. நடுவுல கம்பெனி கிடையாது, கமிஷன் கிடையாது."

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து என் பக்கத்து மெஷினில் தைக்கிறவள் சும்மா இருப்பாளா? "அப்ப அண்ணாச்சியும் எக்ஸ்போர்ட் ஓனர் ஆயிட்டீய. எங்களுக்கு ஏசி போட்டுருங்க."

"மொதல்ல அந்த ஃபேன ரிப்பேர் பண்றேன், இருங்க."

சிரிப்புக்கு நடுவே போன் கைக்குக் கை மாறி என்னிடம் வந்தது. கோணல் மூக்குக் கிளி. அந்தச் சாம்பல் வரி அங்கேதான் இருந்தது. இருக்கும் இடம் தெரிந்ததால் என் கண்ணுக்குப் பட்டது. அதற்குக் கீழே ஓனர், 'ஓகே சார், எடுத்துக்கிறோம்' என்று போட்டிருந்தார். மகள் முழு மார்க் வாங்கியது அதற்குத்தான்.

"பழைய கம்பெனிக்கு இந்த வாரம் துணி வேண்டாம்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லிப்போடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அவர் வேண்டாம் என்றால் துணி வேறு யூனிட்டுக்குப் போய்விடும். கிளியை நம்பி ஆறு மெஷின்களும் நிற்கும்.

சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன், உட்கார்ந்தேன். ஊசி உடைந்தது. மாற்றினேன், அதுவும் உடைந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் படியில் பாதி வரைக்கும் இறங்கித் திரும்பி வந்தேன். 'அண்ணா, ஒரு விசயமுங்க' என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தால் அதற்குமேல் வார்த்தை வரவில்லை. மகளிடம் கேட்கலாம் என்றால் அவள் வகுப்பில் இருப்பாள்.

"என்னக்கா, ஏறி ஏறி எறங்குதீய? வயித்தக் கலக்குதோ?" என்றாள் பக்கத்து மெஷின்காரி. ஆமாம் என்று தலையாட்டினேன்.

டீயோடு எல்லோருக்கும் தேங்காய் பன் வந்தது, ஓனர் செலவில். என்னால் கடிக்க முடியவில்லை. காகிதத்தோடு மெஷின் ஓரத்தில் வைத்தேன்.

அப்போது கீழே அவர் குரல் கேட்டது. "இல்லீங்க, இந்த வாரம் நம்மளால ஆகாதுங்க. வேற பக்கம் குடுத்துக்குங்க." செருப்புப் போடாமல் ஓடினேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"அண்ணா, அந்தப் பார்ட்டி எம் புள்ளைங்க."

"எந்தப் புள்ள?"

"அந்தக் கிளி அவ வரைஞ்சதுங்க. பள்ளிக்கொடத்துப் பாடத்துக்கு. கீழ எழுதியிருக்குதுங்க, பாருங்க."

அவர் லெட்டரைப் பெரிதாக்கி, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

"என் நெம்பர் அதுக்கு எப்படிங்க கெடைச்சுது?"

"நீங்க தீவாளிக்குக் குடுத்த ஸ்வீட் டப்பாவுல பாத்திருப்பாளுங்க."

"மச்சான்கிட்டயெல்லாம் சொல்லிப்போட்டனே" என்றவர் என்னைப் பார்த்தார். "ஏனுங்கக்கா, காலையில போன் உங்க கைக்கு வந்துதல்ல. அப்பவே ஒரு வார்த்த சொன்னா என்னங்க?"

அவர் மறுபடி கம்பெனிக்குப் போன் போட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "நான்தாங்க... இல்லீங்க, முடியுமுங்க... ஒரு சின்னக் குழப்பமுங்க." ரொம்ப நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டார். "செரிங்க, வேற பக்கம் குடுத்தது போக இருக்கறத அனுப்புங்க" என்று வைத்தார்.

"நீங்க மேல போங்க" என்றார் என்னிடம்.

சாயங்காலம் மகளிடம் சொன்னேன்.

"ஓகே சார்னு போட்டாரேம்மா! படிச்சுப் பாத்துட்டு வெளையாட்டுக்குப் போட்டிருக்காருன்னு நெனச்சேன்." என் போனை எடுத்து, லெட்டரைத் திறந்து, அந்த வரியைக் கறுப்பாக்கிப் பெரிதாக்கினாள். "இப்பத் தெரியுதாம்மா?"

"இப்பத் தெரிஞ்சு என்ன பண்ணோணும்" என்றேன். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

மறுநாள் பாதித் துணிதான் வந்தது. மூன்று மெஷின்கள் ஓடின. நானும் இன்னும் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, தைத்த துணிகளில் நூல் பிசிறு வெட்டினோம்.