இளைக்க ஒரு காரணம்

கடலூரில், எச்.ஐ.வி.க்கு மாத்திரை வாங்க வருகிறவர்களை எடை பார்த்து எழுதுவது என் வேலை. சிதம்பரத்திலிருந்து மாதாமாதம் பஸ் ஏறி வருவார் ஒரு பெரியவர். அறுபத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பொத்தான்கள் வயிற்றோடு மல்லுக்கட்டும். செருப்பு, செல்போன், சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி என்று எல்லாவற்றையும் என் மேஜையில் கடை பரப்பிவிட்டுத்தான் எடை மெஷினில் ஏறுவார்.

"மொதல்ல வந்தப்ப எலும்பும் தோலுமா இருந்தேன்மா. டாக்டர் திட்டுவாருன்னு, எடை கூடக் காட்ட பாக்கெட்டுல ஒரு இரும்புப் பூட்டைப் போட்டுகிட்டு ஏறுவேன்" என்பார்.

இந்த வயதில் இவ்வளவு எடை இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். ஒருநாள் நானே கேட்டேன், "ஏன் ஐயா, கொஞ்சம் கொறைச்சாதான் என்ன?"

"எளைச்சா தெருவுல என்ன ஏதுன்னு தோண்டுவாங்க. இந்தத் தொப்பை இருக்கிறவரைக்கும் எவனுக்கும் சந்தேகம் வராது" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

அடுத்த முறை ரத்தப் பரிசோதனையில், அவருக்குச் சர்க்கரை நோய் வந்திருப்பது தெரிந்தது. எடை ஜாஸ்தியானதும் ஒரு காரணம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். மனிதர் முகத்தில் கல்யாணக் களை.

"நெசமாவா? அப்ப தைரியமா எளைக்கலாம்."

மூன்று மாதம் கழித்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மெஷினில் ஏறி நின்றார். ஏழு கிலோ குறைந்திருந்தது.

"தெருவுல யாரும் கேக்கலையா?"

"கேக்காம இருப்பாங்களா? சுகருன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். வெளிய சொல்லிக்கிற மாதிரி ஒரு வியாதி வர, எனக்கு இத்தன வருஷம் ஆச்சும்மா."