தம்பியின் குரலுக்கு ஒரு பிரதி

பதினாறு வருஷமாகக் கட்டட வரைபடங்களைப் பாதுகாக்கும் வேலை பார்க்கும் அவளுக்கு அலுவலகத்தில் ‘டபுள்’ என்று பெயர். எது கைக்கு வந்தாலும் இரண்டு பிரதி எடுத்துவைப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இருப்புக்கொள்ளாத பிறவி என்று கணவரே சொல்வார். சொன்ன கையோடு, தன் பாஸ்போர்ட் நகல் எங்கே என்று அவளிடம்தான் கேட்பார்.

அவளுடைய தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். வாய்தான் அவனுக்குப் பிழைப்பு. தொண்டைக் கட்டிக்காகக் குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருக்கிற குரலில் வேண்டிய வாக்கியங்களைப் பதிந்துவைத்தால் பிறகு செல்போனைத் தொட்டுப் பேசவைக்கலாம் என்று அங்கிருந்த பேச்சுப் பயிற்சியாளர் வழி சொன்னார். காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மடியில் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, மூன்று வாரம் பதிந்தான். “கிளட்ச்ச மெதுவா விடு”, “பசிக்குது”, “இன்னைக்கு முடியாது” என்று நானூற்றுப் பன்னிரண்டு ஃபைல்கள். எல்லாம் ஒரே ஃபோல்டரில்.

ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று கேட்டதுமே டபுள் லீவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை, தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் பயிற்சிக்குப் போயிருந்தான். இரண்டு ஃபோல்டர்களை ஒன்றுபோல் ஆக்கித் தரும் மென்பொருள் அவளுக்கு அலுவலகத்தில் தினமும் பழகியது. அதையே லேப்டாப்பில் ஏற்றினாள். குப்பைத்தொட்டிக்கு அனுப்பாமல் அடியோடு அழிக்கும்படி அலுவலகத்தில் வைத்திருந்த ஏற்பாட்டையே பழக்கதோஷத்தில் இங்கும் வைத்தாள். டிஸ்கில் அப்போதுதான் உருவாக்கிய வெற்று ஃபோல்டரை இடப்பக்கம் போட்டாள், தம்பியுடையதை வலப்பக்கம். இடப்பக்கம் இருப்பதைப் போலவே வலப்பக்கத்தையும் ஆக்கு என்று கட்டளை கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து மருத்துவமனையிலிருந்து போன். ஆபரேஷனை முன்கூட்டியே வைத்துவிட்டார்களாம், நாளைக் காலை எட்டு மணிக்கு வந்து சேர வேண்டுமாம். அவள் “சரிங்க, சரிங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஒரு கேள்வி எழுந்தது. 412 என்ற எண் கண்ணில் பட்டது. கணக்கு சரியாக இருக்கிறதே என்று அழுத்திவிட்டாள். எண்ணுக்குப் பக்கத்தில் ‘நீக்கவா’ என்று இருந்ததைப் படிக்கவில்லை.

இரண்டு ஃபோல்டர்களும் இப்போது ஒன்றுபோல் உள்ளன என்று பச்சை அடையாளம் வந்தது. பொய்யில்லை. இரண்டும் காலி. அவள் இடமும் வலமும் மாற்றிப் போட்டிருந்தாள்.

அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணுக்குப் போன் போட்டாள். அதில் இனி எதையும் சேமிக்க வேண்டாம், உடனே அணைத்து எடுத்து வாருங்கள் என்றாள் அந்தப் பெண். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் பாதி தூரம் நடந்தே போனாள். மீட்பு வேலை நடந்த இரண்டு மணி நேரமும் நாற்காலியில் உட்காரவில்லை. தண்ணீர்க் கேனுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். கடைசியில் இருநூற்றுத் தொண்ணூற்றேழு திரும்பிக் கிடைத்தன. மற்றவை போயேவிட்டன. எவை தப்பின என்று ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டாள்.

நாலு மணிக்குப் பயிற்சி மைதானத்துக்குப் போனபோது தம்பி காரில் தனியாக இருந்தான். ஆஸ்பத்திரி விஷயத்தை முதலில் சொன்னாள். பிறகு மென்று விழுங்காமல் சொல்லிவிட்டாள்.

“உன் குரல்ல கொஞ்சத்த அழிச்சிட்டேன்டா. நான்தான்.”

“எவ்வளவு?”

“நூத்திப் பதினஞ்சு.”

அவன் இறங்கிச் சுற்றுச்சுவர் வரை போனான். திரும்பி வந்தபோது முகம் இறுகியிருந்தது.

“மூணு வாரம்க்கா.”

அவள் நீட்டிய லேப்டாப்பை அவன் வாங்கவில்லை.

“திட்டுறதெல்லாம் இருக்கா?”

“அது ஒண்ணு விடாம இருக்கு. வீட்டு ஆளுங்களக் கூப்பிட்டதுதான் போச்சு.”

அவன் முன்கதவைத் திறந்துவிட்டான். “ஏறு. வெளிச்சம் போறதுக்குள்ள முடிக்கணும்.”

மூன்று வாரத்துக்கு முன்னால் இருந்த குரல் இப்போது இல்லை. கரகரத்தது, நடுவில் காற்றாகப் போனது. தன் மகளின் செல்லப்பெயரை அவன் நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் பதிந்த உடனே ஓடவிட்டுக் கேட்டாள் டபுள். அறுபத்தெட்டாவது முடிந்ததும் அவன் கையை உயர்த்தி, போதும் என்று காட்டிவிட்டான். மிச்சம் நாற்பத்தேழு பதியாமலே நின்றுபோயின.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலு மாதத்தில் தம்பி மறுபடி ஸ்டியரிங் பக்கம் வந்துவிட்டான். கற்றுக்கொள்பவர்கள் கேட்பது அவனுடைய கணீர்க் குரலை. வீட்டில் மகளைக் கூப்பிடுவது கரகரத்த குரல். அப்பாவுக்கு ஏன் இரண்டு குரல் என்று அவள் ஒருநாள் கேட்டபோது டபுள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

இப்போது மூன்று பிரதி வைத்திருக்கிறாள், மூன்றும் மூன்று வீட்டில். எண்ணைப் பார்ப்பதற்கு முன் பக்கத்திலுள்ள சொல்லை விரல் வைத்து உரக்கப் படிக்கிறாள். அலுவலகத்தில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் தம்பியிடம் நேராகக் கேட்டாள்.

“இன்னும் கோவமாடா?”

அவன் செல்போனில் மேலும் கீழும் தேடினான். இதற்குத் தோதான பதில் எதையும் பதிந்துவைத்திருக்கவில்லை போலும். மேஜையிலிருந்த ஒரு தாளை இழுத்து, ‘கோவம் பாதி போச்சு’ என்று எழுதி நீட்டினான். அவளுக்கு அது போதவில்லை. ஆனாலும் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.