முந்திய சிரிப்பு

மாதா கோவில் மண்டபத்தில் பத்துப் பெண்கள் தங்கள் கைப்பைகளை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்கள். அது டொலறஸின் யோசனை. கை சும்மா இருந்தால் சிரிப்பு வந்ததும் வாயைப் பொத்தப் போய்விடும். பிறகு மகன் ஜெராட்டின் மைக்கில் எதுவும் ஒழுங்காகப் பதியாது.

“பல்லுத் தெரியச் சிரிச்சா பாதர் என்ன நினைப்பார், டொலறஸ்?” என்றார் கிளறிற்றா.

“பாதர் பிரெஞ்சு ரீவி பாக்கிறேல்லை. நீர் பையைப் பிடியும்.”

ஜெராட் ஒலிப்பதிவுப் பொறியாளன். அவனுடைய ஸ்டூடியோ, ஆங்கிலப் பொம்மை நிகழ்ச்சி ஒன்றைப் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்கு மாற்றிக்கொண்டிருந்தது. பாட்டும் பகிடியுமாகச் சிரிப்பு மூட்டும் நிகழ்ச்சி. ஒரு கோழிப் பொம்மை நடத்தும். பார்வையாளரின் பழைய சிரிப்பு ஆங்கிலப் பேச்சோடு ஒட்டிக் கிடந்ததால் தனியே பிரிக்க முடியவில்லை. புதிதாகச் சிரிக்க ஆட்கள் வேண்டியிருந்தது. பிரெஞ்சு வசனம் எழுதிய டொலறஸே ஆட்களையும் கூட்டி வந்தார்.

இந்த ஆங்கில ஊருக்கு வருமுன், மன்னாரிலிருந்து பாரிசுக்குப் போய், ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கிய காலத்தில் அவர் படித்த மொழி அது. கூட வேலை செய்தவர்களோடு இருந்து தொலைக்காட்சி பார்ப்பார். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, விளங்காமலே தானும் சிரிப்பார். அந்த வெட்கம் அவருக்குக் கடைசிவரை மறக்கவில்லை. மொழி பிடிபட்ட பிறகு எந்தப் பகிடிக்கும் அவர் பிந்தியதில்லை.

நிகழ்ச்சியில் ஒரு நரி பாட வரும். ஆங்கிலத்தில் கோழி நடுங்கிக்கொண்டே மழையைப் பற்றிப் பேசும். பிரெஞ்சுக்காரருக்கு அது சப்பென்றிருக்கும் என்று டொலறஸ் மாற்றிவிட்டார். இப்போது கோழி, “வாங்கோ, சாப்பிட்டாச்சோ?” என்று நரியைக் கேட்கும். அலகு அசைவதற்கும் அது அளவாகப் பொருந்தியது.

காட்சி ஓடியது. பெண்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. டொலறஸ் சிரித்தார், அவரைப் பார்த்து அவர்கள் வெடித்துச் சிரித்தார்கள்.

ஜெராட் ஹெட்போனைக் கழற்றினான். “அம்மா, நீங்கள் முந்திச் சிரிக்கிறியள். கோழி இன்னும் சொல்லி முடிக்கேல்லை.”

“எனக்கு விளங்கிப்போச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?”

“பகிடி கெட்டுப்போகுது.”

“சரியடா துரை. வாற சனி திரும்ப எடுப்பம். நான் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறன்.”

அவன் கணினியில் புதிய ஒலித்தடம் ஒன்றைத் திறந்து பெயரிட்டான்: ‘சனி – அம்மா இல்லாமல்.’

புதன்கிழமை காலை, பஸ் நிறுத்தத்தில் டொலறஸின் இதயம் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஜெராட்டை ஒரே கேள்விதான் கேட்டார்கள். “சாப்பிட்டனியோ தம்பி?” அவன் ஓம் என்றான்.

அடக்கம் முடிந்ததும் தயாரிப்பாளர் கத்தரின் அழைத்தார். நிறைய ஆறுதல் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, அந்த முந்திய சிரிப்பை எடுத்துவிட வேண்டும் என்றார். திங்களன்று பாரிசுக்குப் போக வேண்டிய நிகழ்ச்சி.

வெட்டுவது சுலபம். மற்றவர்கள் தொடங்குமுன் அவர் சிரிப்பு தனியாகத்தான் நின்றது. அம்மாவின் சிரிப்பு வேறெங்கும் உண்டோ என்று ஜெராட் தன் தொலைபேசியில் தேடிப் பார்த்தான். மா முடிந்தது, பால் வாங்கு, எங்கே நிற்கிறாய் என்று அம்மாவின் குரல் இருந்தது. சிரிப்பு எதிலும் இல்லை.

வெட்டிப் பார்த்தான். காரணமில்லாமல் ஒரு கூட்டம் சிரிப்பதுபோல இருந்தது. திரும்ப ஒட்டினான். மறுபதிவுதான் ஒரே வழி.

சனிக்கிழமை பெண்கள் சொன்னபடி வந்தார்கள். பைகளைப் பிடித்துக்கொண்டார்கள். நரி வந்தது. கோழி கேட்டது. மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

“எங்களுக்குக் கோழி சொல்லுறது என்ன விளங்குது?” என்றார் கிளறிற்றா. “டொலறஸ் சிரிச்சால்தானே நாங்கள் சிரிக்கிறனாங்கள். இப்ப ஆர் தம்பி முதல் சிரிக்கிறது?”

ஜெராட் யோசித்தான். அம்மாவின் அந்தத் துண்டுச் சிரிப்பை மட்டும் பெரிய ஸ்பீக்கரில் போட்டான்.

ஒவ்வொரு பையாகத் தரையில் விழுந்தது. பத்துப் பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பழைய பதிவிலிருந்து அம்மாவின் சிரிப்பை வெட்டி, வேறாகச் சேமித்து, மிச்சத்தைப் பாரிசுக்கு அனுப்பினான். ‘சனி – அம்மா இல்லாமல்’ என்ற தடத்தில் இன்னும் ஒன்றும் பதியப்படவில்லை.